எடைமேடைக்காரரும் மூன்று ஆட்டங்களும்

மூலக்குளத்தில் நான் ஃபிளெக்ஸ் கடை திறந்த அன்று, பூசணிக்காய் உடைத்த குங்குமம் வாசலில் காய்வதற்குள் ஒருவர் சாலையைக் கடந்து வந்தார். இடுப்பில் கைவைத்து என் கடைப் பலகையை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்தார்.

"புதுவையின் நம்பர் ஒன்னுன்னு போட்டிருக்குதே, யாரு எண்ணுனது?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"இந்த ரோட்டுல மட்டும் உனக்கு முன்னாடி ரெண்டு ஃபிளெக்ஸ் கடை இருக்குது தம்பி. நீ மூணாவது."

"அது சும்மா விளம்பரம்ணே."

"அப்ப கீழ ஒரு வரி, இது சும்மா விளம்பரம்னு போட்டுடு."

கொடுத்த சர்க்கரைப் பொங்கலை வாங்கிக்கொண்டார். முந்திரி கொஞ்சம் கருகியிருக்கிறது, மற்றபடி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு எதிரே போய்விட்டார். எதிரே இருந்தது லாரி எடைமேடை. அதன் கண்ணாடி அறைக்குள் கணினிக்கு முன்னால் பதினாறு வருடமாக உட்கார்ந்திருந்தவர் அவர்தான்.

என் தொழில் என்னவென்று சொல்லிவிட வேண்டும். காதுகுத்துக்கு வரும் தாய்மாமனை 'சிங்கமே' என்று அச்சடிப்பது. வார்டு தேர்தலில் தோற்றவரை 'நாளைய சரித்திரமே' என்று பத்துக்கு எட்டு அடியில் நிறுத்துவது. அவர் தொழில் அதற்கு நேர் எதிர். இருக்கும் எடைக்கு மேல் ஒரு பிடி அவர் வாயிலிருந்து வராது. நடுவில் ஒரு சாலை மட்டும் இருந்ததால் பதினோரு வருடம் தினமும் டீ குடித்தோம்.

லாரி ஏறினால் டிரைவர் உள்ளே இருக்கிறாரா வெளியே நிற்கிறாரா என்று எட்டிப் பார்ப்பார். வெறும் வண்டியை எடைபோடும்போது டிரைவர் உள்ளே இருந்தால், சரக்கு ஏற்றிக்கொண்டு வரும்போதும் உள்ளே இருக்க வேண்டும். ஒருநாள் வில்லியனூர் பக்கத்திலிருந்து நெல் ஏற்றி வந்த டிரைவர் வேண்டுமென்றே கேட்டான்.

"நடுவுல ரெண்டு எளநி குடிச்சேன்ணே. அதையும் கழிச்சிடுவீங்களா?"

அவர் யோசித்தார். கேலி என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

"இந்த மிஷின் பத்து கிலோவுக்குக் கீழ காட்டாதுபா. காட்டுச்சின்னா கழிச்சிருப்பேன்."

சாவு வீட்டிலும் இதே கதைதான். அபிஷேகப்பாக்கத்தில் அவருக்குத் தெரிந்த ஒரு விவசாயி இறந்தபோது நானும் கூடப் போனேன். யாரோ ஒருவர் பந்தலில் எழுந்து, "எறும்புக்கும் தீங்கு நினைக்காத மனுசன்" என்றார். இவர் என் காதில் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "வரப்புத் தகராறுல ரெண்டு பேரு மண்டைய ஒடைச்சாரு. மத்தபடி நல்ல மனுசன்" என்றார். லாரிச் சத்தத்தில் பேசிப் பழகிய குரல். பந்தலில் எல்லோருக்கும் கேட்டது. செத்தவரின் மனைவி அழுகையை நிறுத்தி, "மூணு பேருய்யா" என்றாள்.

மகளைப் பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளையின் அம்மா, "பொண்ணு நல்லா சமைக்குமா?" என்று கேட்டதற்கு இவர் சொன்ன பதில் அந்தப் பக்கம் முழுக்கப் பிரசித்தம். "ரசம் நல்லா வரும். சாம்பார் சுமார். மீன் கொழம்பு இன்னும் வரல." உள்ளே பஜ்ஜி எடுத்துக்கொண்டிருந்த அவர் மனைவி கரண்டியோடு வாசற்படிக்கு வந்து நின்றுவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மாப்பிள்ளையின் அப்பா, "பையன் வேலைக்குப் போயி ஆறு மாசம்தான் ஆவுது. ரெண்டு வருசம்னு ஜாதகத்தோட சேத்து அனுப்புனது எங்க தப்பு" என்றார். கல்யாணம் நடந்தது.

"இந்த மனுசன் கூடக் குடும்பம் நடத்துறது வேபிரிட்ஜு மேல படுத்துத் தூங்குற மாதிரி தம்பி" என்று அந்த அக்கா ஒருமுறை என்னிடம் சொன்னார். "திரும்பிப் படுத்தாக்கூட நம்பர் மாறும்."

அவர் கண்ணாடி அறையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய புகைப்படம் இருந்தது. பட்டை பட்டையாய்ச் சட்டை போட்ட பதினைந்து வெள்ளைக்காரர்கள் மாதிரித் தெரியும். உற்றுப் பார்த்தால் பதினான்கு. கடைசி வரிசை ஓரத்தில், எல்லோரையும்விடக் குட்டையாக, நம்ம ஊர் முகம் ஒன்று. தரையில் உட்கார்ந்தவன் மடியில் பந்து. அது உருண்டையாக இல்லாமல் நெல்லிக்குப்பம் வெள்ளரிப்பழம் மாதிரி நீண்டிருந்தது.

"எங்க கொள்ளுத்தாத்தா" என்றார். "பாகூர்ல பொறந்தவரு. பிரான்சுல போர்தோவுக்குப் படிக்கப் போனாரு. பந்து ஆடியிருக்காரு."

"அவ்ளோதானா?"

"படத்துல அவ்ளோதான் தெரியுது."

மிச்சத்தையெல்லாம் அவருடைய சித்தப்பா மகன் பார்த்துக்கொண்டான். அந்தத் தம்பி வீட்டுமனை வியாபாரம் செய்தவன், என் கடையின் பெரிய வாடிக்கையாளன். 'ஐந்து நிமிடத்தில் கடற்கரை' என்று நான் அச்சடித்த அவனுடைய மனைப்பிரிவிலிருந்து கடலுக்குப் போக முக்கால் மணி நேரம் ஆகும். அவன் சொன்ன கதையில் கொள்ளுத்தாத்தா பிரான்சு நாட்டு ரக்பி அணியின் தலைவர். இங்கிலீஷ்காரனை ஓட ஓட விரட்டியவர். ஒரே ஆட்டத்தில் ஏழு பேரைத் தாண்டிப் போனவர். இந்த எண்ணிக்கை ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒன்றிரண்டு ஏறும்.

பாகூர்ப் பக்கம் ஒரு விளையாட்டுத் திடலைச் சீர்செய்து அதற்குப் பெயர் வைக்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்தபோது தம்பிக்கு வேகம் பிறந்தது. இரண்டு பெயர்கள் அடிபட்டன. ஒன்று, அந்த ஊருக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டிக் கொடுத்த ஒரு பெரியவர். இன்னொன்று, தம்பியின் முயற்சியால், கொள்ளுத்தாத்தா. ஆதாரம் கொண்டுவாருங்கள் என்று அதிகாரி சொல்லிவிட்டார். தம்பி அந்தப் படத்தை செல்போனில் பிடித்து, தெரிந்த ஆங்கிலத்தில் தெரியாததையெல்லாம் எழுதி இணையத்தில் போட்டான்.

நான்கு மாதம் கழித்து பிரான்சிலிருந்து ஒரு அம்மாள் வந்து இறங்கினார்.

ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. எழுபது வயதிருக்கும். அந்தக் காலத்தில் அந்த நாட்டு அணிக்கு ஆடிய ஒவ்வொருவரின் வாழ்க்கையையும் தேடித் தேடி எழுதிக்கொண்டிருந்தார். இந்த ஒரு ஆளின் பக்கம் மட்டும் பாதியில் நின்றிருந்ததாம்: பிறந்தது பாகூர், ஆடியது மூன்று ஆட்டம், பிறகு என்ன ஆனார் என்று தெரியாது. அவர் பையில் பழைய பிரெஞ்சுப் பத்திரிகைகளின் நகல்கள் இருந்தன. அவற்றை எடைமேடைக்காரரிடம் கொடுத்துவிட்டு நாளை வருகிறேன் என்று நகரத்து விடுதிக்குப் போனார்.

எடைமேடைக்காரரின் அப்பா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். அப்பாவின் பென்ஷன் கடிதங்களைப் படித்துப் படித்தே இவருக்குப் பிரெஞ்சு வந்திருந்தது. மறுநாள் காலை பத்து மணிக்குத் திடலில் கூட்டம். எட்டு மணிக்கு, என் கடையில் பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்த சத்தத்துக்கு நடுவே, காகிதங்களை மேசையில் பரப்பி வைத்து விரலை ஓட்டிப் படித்தார். நான் டீ வாங்கி வந்தேன். மூன்றாவது தாளில் விரல் நின்றுவிட்டது. டீயில் ஆடை படர்ந்தது.

"இன்னாணே?"

அந்த நேரம் பார்த்துத் தம்பி வெள்ளை வேட்டி சட்டையில் வந்து சேர்ந்தான்.

"இன்னா போட்டிருக்குது? எத்தினி பேரைத் தாண்டுனாராம்?"

அவர் படித்துச் சொன்னார், தமிழில், நிறுத்தி நிறுத்தி. தம்பியின் முகம் மாறிக்கொண்டே வந்தது. மூன்றாவது தாள் முடிந்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணே. உன் கால்ல வுழறேன். கடைசி வரிய மட்டும் வுட்டுடு. பொய் சொல்லச் சொல்லல. வுட்டுடுன்னுதான் சொல்றேன். அந்தம்மாவுக்குத் தமிழ் தெரியாது. அங்க வர்றவங்களுக்குப் பிரெஞ்சு தெரியாது. உன்னத் தவிர ஒரு பயலுக்கும் தெரியாது."

"நேரமாவுது. நீ முன்னாடி போ" என்றார்.

தம்பி போனான். அவர் காகிதங்களை அடுக்கினார். திரும்பவும் கலைத்து அடுக்கினார். நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

"சின்ன வயசுல பள்ளிக்கூடத்துல எல்லாத்திலேயும் கடைசி நான்" என்றார். "ஓட்டத்துல கடைசி, படிப்புல கடைசி. வூட்டுக்கு வந்து இந்தப் படத்தப் பாப்பேன். இந்தாளு நம்மாளுன்னு நெனச்சுக்குவேன். அவ்ளோதான். யார்கிட்டயும் சொன்னதில்ல." காகிதங்களை மூன்றாவது முறை அடுக்கியபடி கேட்டார்: "ஒரு வரி வுட்டா இன்னா ஆயிடும் தம்பி?"

என் தொழில் புத்தி எனக்கு. "ஒண்ணும் ஆகாதுண்ணே. யாருக்கும் தெரியப்போறதில்ல."

"ஆமா" என்றார். "அன்னைக்கு அந்தாளுக்கும் அது தெரிஞ்சுதான் இருந்திருக்கும்."

என் பைக்கில்தான் போனோம். பாகூர் வரை அவர் பின்னால் உட்கார்ந்து வந்தார். ஒரே ஒரு இடத்தில், "அறுபதுக்கு மேல போற" என்றார்.

திடலில் ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலிகள், நூறு நூற்றைம்பது பேர். அதிகாரி, ஊர்ப் பெரியவர்கள், மணப்பட்டிலிருந்து ஒரு வேனில் வந்த மீனவர்கள், கிரிக்கெட் மட்டையோடு ஓரத்தில் நின்ற இளைஞர்கள். பிரெஞ்சு அம்மாளுக்கு மாலை போட்டு இளநீர் கொடுத்திருந்தார்கள். மேடைக்குப் பின்னால் நான் அச்சடித்த பேனர்: கொள்ளுத்தாத்தாவின் முகம், பக்கத்தில் பாயும் சிறுத்தை. சிறுத்தையைப் பார்த்து இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் ஒலிபெருக்கிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தம்பி முதலில் பேசினான். பதினோரு பேரைத் தாண்டினார் என்று முடித்தான். பிறகு, "பத்திரிகையில வந்தத என் அண்ணன் படிப்பாரு" என்று மைக்கைக் கொடுத்தான். கொடுக்கும்போது கையை ஒரு நொடி அழுத்திப் பிடித்ததை நான் பார்த்தேன்.

அவர் கண்ணாடியை மாட்டினார்.

"மொத ஆட்டம். பந்து இவரு கைக்கு ரெண்டு வாட்டி வந்துச்சு. ஒரு வாட்டி கீழ போட்டுட்டாரு. அணி தோத்துடுச்சு."

சிரிப்புக் கேட்டது. அவரும் சிரிப்பு அடங்கும்வரை மரியாதையாகக் காத்திருந்தார்.

"ரெண்டாவது ஆட்டம். கழுத்தெலும்பு ஒடைஞ்சுது. அந்தக் காலத்துல ஒருத்தருக்குப் பதிலு இன்னொருத்தர எறக்க முடியாதாம். கையக் கட்டிக்கினு கடைசி வரைக்கும் நின்னாரு. நின்னாருன்னுதான் போட்டிருக்குது, ஆடுனாருன்னு போடல. தோத்துட்டாங்க."

இப்போது சிரிப்பு இல்லை. மீனவர்களில் ஒருவர் கையிலிருந்த பீடியைக் கீழே போட்டு மிதித்தார்.

"மூணாவது ஆட்டம். நல்ல மழை. ஆட்டம் முடியற நேரம். ரெண்டு புள்ளி பின்னாடி இருக்காங்க. இந்த ஆட்டத்துல பந்த எடுத்துக்கினு ஓடி எதிராளி கடைசிக் கோட்டுக்கு அந்தாண்ட தரையில வெச்சா மூணு புள்ளி. அப்படி வெச்சா ஜெயிச்சுடலாம். பந்து இவரு கைக்கு வருது. ஓரமாவே ஓடுறாரு. ரெண்டு பேரைத் தாண்டுறாரு." தம்பியைத் திரும்பிப் பார்த்து, "ரெண்டு" என்றார். "பந்த வெச்சுட்டாரு. நடுவர் விசில் ஊதி, மூணு புள்ளின்னு கையத் தூக்கிட்டாரு. ஜனங்க தொப்பியெல்லாம் மேல வுட்டெறியறாங்க."

கிரிக்கெட் இளைஞர்கள் விசில் அடித்தார்கள். தம்பி எழுந்து இரண்டு கையையும் தட்டினான். அதோடு நிறுத்திவிடு என்று அவன் முகம் கெஞ்சியது. நானும் உள்ளுக்குள் கெஞ்சினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அவர் தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார்.

"இவரு எழுந்து நடுவர்கிட்ட போறாரு. ஓடி வரும்போது என் காலு ஓரக் கோட்டுல பட்டுடுச்சு, இது செல்லாதுன்னு சொல்றாரு. நடுவர் பாக்கல. கோட்டுக்கிட்ட கொடி வெச்சுக்கினு நின்னவரும் பாக்கல. இவரா சொன்னாரு. புள்ளிய எடுத்துட்டாங்க. தோத்துட்டாங்க. அதுக்கப்புறம் இவர ஆட்டத்துக்குக் கூப்பிடல."

விசில் அடித்த விரல்கள் வாயிலிருந்து இறங்கின. பிறகு மட்டை வைத்திருந்தவர்களில் ஒருவன் கத்தினான்:

"லூசாயா அந்தாளு?"

அவர் தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். மைக்கில் சொன்னார்: "அது பேப்பர்ல போடல."

கூட்டம் வெடித்துச் சிரித்தது. சிரிப்புக்கு நடுவில் பீடியை மிதித்த அந்த மீனவர் எழுந்து நின்றார்.

"சார், ஒரு கேள்வி. அவரு சொல்லலன்னா ஜெயிச்சிருப்பாங்களா?"

"ஜெயிச்சிருப்பாங்க."

"சொல்லி இன்னா கெடைச்சுதாம்?"

"ஒண்ணும் கெடைக்கலபா."

மீனவர் தலையைச் சொறிந்தார். "இன்னா மனுசன்யா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். திட்டினாரா மெச்சினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பக்கத்திலிருந்தவர்களுக்கும் தெரிந்ததாகத் தோன்றவில்லை. ஆனால் கை தட்டல் அங்கிருந்துதான் தொடங்கியது, அரைகுறையாக, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு.

இறங்கும்போது பிரெஞ்சு அம்மாள் நோட்டுப் புத்தகத்தோடு அவரைப் பிடித்துக்கொண்டார். அவர் கேட்டதும் இவர் சொன்னதும் பிறகு இவரே எனக்குச் சொன்னது. ஊருக்குத் திரும்பி வந்து அந்த மனிதர் என்ன செய்தார், தன் ஆட்டத்தைப் பற்றி வீட்டில் பேசினாரா, கடைசிவரை அதற்காக வருந்தினாரா என்று கேட்டிருக்கிறார். "தெரியாதுன்னு எழுதிக்குங்க" என்றாராம் இவர். மூன்று கேள்விக்கும் அதே பதில். அந்த அம்மாள் பேனாவை மூடி வைத்துவிட்டு, இதுவரை போன வீடுகளில் எல்லாம் அவரவர் தாத்தாதான் அந்த அணியிலேயே சிறந்த ஆட்டக்காரர் என்றார்கள் என்று சொல்லிச் சிரித்தாராம்.

திடலுக்குத் தண்ணீர்த் தொட்டிக்காரர் பெயரையே வைத்தார்கள். "நல்ல மனுசன்தான் சார், ஆனா பலகையில இன்னான்னு எழுதறது?" என்று அதிகாரி கேட்டாராம். இவருக்கு அதில் வருத்தமே இல்லை. "தொட்டியில தண்ணி வருது. நான் போய்ப் பாத்தேன்" என்றார்.

தம்பி எட்டு மாதம் அண்ணனோடு பேசவில்லை. எதிர்ப்பக்கம் பார்க்காமல் என் கடைக்கு வந்து போவான். "வம்சத்தையே அசிங்கப்படுத்திட்டான்" என்பான். அண்ணன் தன் கண்ணாடி அறையிலிருந்து அவனைப் பார்த்துவிட்டு லாரியைப் பார்ப்பார். அந்த எட்டு மாதத்தில் அவர் டீயைப் பாதிதான் குடித்தார். மனைவி என்னிடம், "ராத்திரியெல்லாம் தூங்கறதில்ல தம்பி. தம்பிகாரன் பேசலன்னு இல்ல, வுட்டுடுன்னு அவன் கெஞ்சுன மொகம் ஞாபகம் வருதாம்" என்றார்.

எட்டாவது மாத முடிவில் தம்பி புன்சிரிப்போடு வந்தான். விஷயம் இதுதான். அன்றைய கூட்டத்தில் இருந்த யாரோ எடுத்த வீடியோ கைக்குக் கை போயிருக்கிறது. மனை பார்க்க வந்த ஒரு குடும்பம், "உங்க கொள்ளுத்தாத்தாதானே கோட்ட மிதிச்சேன்னு தானா சொன்னவரு? அப்ப உங்கள நம்பி வாங்கலாம்" என்று சொல்லி ஒரு மனை எடுத்துவிட்டது. அடுத்த வாரம் இன்னொரு குடும்பம். அந்த வாரம் முழுக்க, கடற்கரை எவ்வளவு தூரம் என்று யார் கேட்டாலும் தம்பி முக்கால் மணி நேரம் என்றே சொல்ல வேண்டியதாகிவிட்டது.

"பத்துக்கு எட்டு போடு" என்று என்னிடம் ஒரு தாளை நீட்டினான். "மூணு எடத்துல வெக்கணும்."

நான் கணினியில் எழுத்தை ஏற்றிக்கொண்டிருந்தபோது அவர் சாலையைக் கடந்து வந்தார். தம்பி பையில் கையை விட்டுக்கொண்டு வேறு பக்கம் பார்த்தான். அவர் திரையைப் படித்தார். அதில் இருந்தது: 'உலகிலேயே நேர்மையான மாபெரும் விளையாட்டு வீரர்! பாகூர் மண் பெற்ற சிங்கம்! பொய்யே அறியாத பரம்பரை!'

"உலகத்துலயேன்னா, எத்தினி நாட்டுல விசாரிச்ச?"

எட்டு மாதத்துக்குப் பிறகு அண்ணன் தம்பியிடம் பேசிய முதல் வார்த்தை அது. தம்பி பல்லைக் கடித்தான். "எடுத்துடு" என்றான் என்னிடம்.

"மாபெரும்? பதினஞ்சு பேருல அவருதான் குட்டை."

எடுத்தேன்.

"சிங்கம் எடுத்துடு. பாகூரு இருக்கட்டும், பொறப்புப் பதிவ நான் பாத்துட்டேன்." கடைசி வரியில் விரலை வைத்தார். "பொய்யே அறியாத பரம்பரை."

"அதுல இன்னா தப்பு?" என்றான் தம்பி.

"நீயும் இந்தப் பரம்பரைதானேடா."

தம்பி வாயைத் திறந்தான். ஏதோ சொல்ல வந்தான். அதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீயே சொல்லுண்ணே, எழுதட்டும்" என்றான்.

அவர் நின்றுகொண்டே சொன்னார். நான் தட்டினேன். 'பாகூரில் பிறந்தார். பிரான்சு அணிக்காக மூன்று ஆட்டம் ஆடினார். மூன்றிலும் அணி தோற்றது. ஒருமுறை ஓரக் கோட்டை மிதித்துவிட்டார். அதைத் தானே சொன்னார்.'

படத்தையும் எழுத்தையும் சேர்த்து வைத்தேன். பத்துக்கு எட்டில் கால்வாசிகூட நிரம்பவில்லை. மிச்சம் முழுக்க வெள்ளை. என் தொழில் வாழ்க்கையில் அவ்வளவு வெறுமையான ஒரு பேனரை நான் பார்த்ததே இல்லை.

"அண்ணே, இம்மாம் எடம் காலியா கெடக்குதே" என்றான் தம்பி. "ஏதாவது போடலாமே."

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து, மாட்டிக்கொண்டு, திரையை இன்னொரு முறை ஓரத்திலிருந்து ஓரம் வரை பார்த்தார்.

"இருக்கட்டும்டா" என்றார். "அவரப் பத்தி நமக்குத் தெரியாதது அவ்ளோ இருக்குது."